வீட்டுக் கொட்டிலில் சைக்கிள் பிறேம் செய்வது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டில்தான் என் பட்டறை. எட்டு வருடத்தில் பதினொரு பிறேம் செய்திருக்கிறேன். அதில் ஒன்பது இன்னமும் ஓடுகின்றன. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் சைக்கிள் விலை ஏறியபோது படலையைத் தட்டிக் கேட்க வந்தவர்கள் கூடினார்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை. ஒரே சந்தேகங்களுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

முழுப் பிறேமும் வீட்டிலை செய்யேலுமோ அண்ணை? இல்லாட்டி வாங்கின பிறேமுக்குச் சாமான் பூட்டுறதைத்தான் சொல்லுறியளோ?

முழுப் பிறேமும்தான். எட்டுக் குழாய், ஒரு அச்சுக்கூடு, இரண்டு கவட்டுத் தகடு, அவ்வளவுதான் ஒரு பிறேம். ஹாண்டில் ஏறும் குட்டைக் குழாயைத் தலைக் குழாய் என்று எழுதுகிறேன். ஆளை ஏற்றுகிற பார் எல்லோருக்கும் தெரியும். தலையிலிருந்து பெடல் பக்கம் சரிந்து வருவது கீழ்க் குழாய், சீற் ஏறுவது சீற் குழாய். பின்சில்லின் இரண்டு பக்கமும் கீழே இரண்டு கால், மேலே இரண்டு கால். கிராங் அச்சு ஓடுகிற குட்டைக் குழாய் அச்சுக்கூடு. பின்சில்லு வந்து இருக்கிற தகடு கவட்டுத் தகடு.

குழாயை நாம் செய்வதில்லை, வாங்குகிறோம். சில்லு, செயின், முன்சில்லைப் பிடிக்கும் கவையான போர்க் எல்லாமே வாங்குவதுதான். நம் வேலை வெட்டுவது, அராவுவது, பொருத்துவது, ஒட்டுவது.

எனக்கு வெல்டிங் தெரியாது. பழகின பிறகுதான் தொடங்கோணுமோ?

தேவையில்லை. நான் செய்வது வெல்டிங் அல்ல, பிரேசிங். வெல்டிங்கில் உருக்கே உருகி ஒன்றோடொன்று கலக்கும். அதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். பிரேசிங்கில் உருக்கு சிவக்கும், ஆனால் உருகாது. 900 பாகைக்குச் சற்றுக் கீழே உருகும் பித்தளைக் கம்பியை இரண்டு குழாய்க்கும் இடையில் ஓட விடுகிறோம். தட்டார் நகைக்குப் பற்றாசு வைத்து ஊதுவதன் பெரிய வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேற் ஒட்டுகிற கடையில் இருக்கும் ஆர்க் வெல்டிங்கைக் கொண்டு செய்யலாமா என்று இதோடு சேர்த்தே கேட்பார்கள். நமது குழாயின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த ரொட் பட்டவுடன் ஓட்டை விழும். நல்ல கைக்காரர் ஓட்டை விழாமல் ஒட்டினாலும், ஒட்டின் ஓரம் கடினமாகிப் பிறகு விரியும். ரிக் (TIG) வெல்டிங் நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஆர்கன் வாயுவும் வருடக்கணக்கான கைப்பழக்கமும் வேண்டும்.

கடையிலை வாங்கினா மலிவுதானே?

மலிவுதான். காசை மிச்சம் பிடிக்க வந்தவர் இத்தோடு நிறுத்திவிட்டு லுமாலா சைக்கிள் ஒன்றை வாங்கலாம். நான் ஆறடி இரண்டங்குலம். கடைச் சைக்கிள் எல்லாவற்றிலும் என் முழங்கால் ஹாண்டிலில் இடித்தது. நான் தொடங்கியது அதனால்தான்.

ஹாட்வெயாரிலை விக்கிற பைப் காணுமோ? என்ன பைப் வாங்கிறது?

முதலில் ஒன்று: கல்வனைஸ் பைப்பைத் தொடவே தொடாதீர்கள். நெருப்புப் பட்டதும் அதில் பூசிய நாகம் (துத்தநாகம்) வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் எடுத்தால் அன்றிரவு குளிர்காய்ச்சல் போல நடுங்கும்.

தளபாடம் செய்யும் கறுப்பு மென்னுருக்குக் குழாயில் ஓடக்கூடிய பிறேம் செய்யலாம், ஆனால் பாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28.6 மில்லிமீற்றர் விட்டமும் 1.6 தடிப்பும் உள்ள குழாய் மீற்றருக்கு ஒரு கிலோவுக்கு மேல். அதே விட்டத்தில் 0.9 தடிப்பு என்றால் 615 கிராம் அளவு. மென்னுருக்கு இவ்வளவு மெல்லிசாக இருந்தால் ரோட்டுக் கிடங்கு ஒன்றில் விழுந்தவுடன் வளைந்துவிடும். அதனால்தான் 4130 என்ற குறோமொலிக் குழாயைத் தேடுகிறோம். உருக்கோடு ஒரு வீதமளவு குரோமியமும் 0.2 வீதமளவு மொலிப்தனமும் சேர்ந்தது. மென்னுருக்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இழுவை தாங்கும்.

இதில் எல்லோரும் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. நல்ல உருக்கு என்றால் விறைப்பும் கூடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. எல்லா உருக்கும் வளைந்து கொடுப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான். பலத்தில்தான் வித்தியாசம். விறைப்பு வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்ட வேண்டும். பாருக்கு 25.4 குழாய்க்குப் பதில் அதே தடிப்பில் 28.6 போட்டால் விறைப்பு நாற்பது வீதத்துக்கு மேல் ஏறும், பாரம் சிறிதளவுதான் கூடும்.

இரண்டு முனையும் தடித்து நடு மெலிந்த குழாய்களும் உண்டு, 0.8, 0.5, 0.8 என்ற கணக்கில். ரெயினோல்ட்ஸ், கொலம்பஸ் நிறுவனங்கள் செய்கின்றன. ஒட்டும் இடத்தில் தடிப்பு, தேவையில்லாத இடத்தில் மெலிவு. முதல் பிறேமுக்கு இது வேண்டாம், நேர் 0.9 குழாயே போதும். அப்புறம், எங்கே வாங்குவது? என் முதல் குழாய்க் கட்டு கனடாவிலிருந்து வந்த மச்சானின் சூட்கேஸில், சாரிகளுக்கு நடுவில் வந்தது. மிக நீளமான குழாய்கூட 65 சென்ரிமீற்றர்தான், குறுக்காக வைத்தால் அடங்கும்.

வீட்டிலை அப்பப்பான்ரை பழைய ரலி நிக்குது. அதை வெட்டிக் குழாய் எடுக்கட்டோ?

வேண்டாம். 90களில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சுமந்தது அந்தச் சைக்கிள்கள்தான். கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டதும் அவற்றில்தான். அதைத் துடைத்துப் பூட்டி ஓடுங்கள்.

மனம் வருந்துவதை விட்டாலும், குழாய் தடிப்பான சாதாரண உருக்குத்தான். அச்சுக்கூட்டின் புரியும் ரலியின் சொந்த அளவு: அங்குலத்துக்கு 26 இழை. மற்ற ஆங்கில முறைச் சைக்கிள்களில் 24. கிராங் அச்சைத் தாங்கத் திருகிப் பூட்டும் இன்றைய கப் அதில் ஏறாது.

வெட்டத் தகுந்த பழைய பிறேமை எப்படி அறிவது என்றால், சீற் தண்டை இழுத்து எடுத்து அளந்து பாருங்கள். சீற் குழாயின் வெளிவிட்டம் 28.6 ஆக இருந்து, தண்டு 27.2 ஆக இருந்தால் உள்ளே மெல்லிய நல்ல குழாய். தண்டு 25.4 என்றால் குழாய் தடிப்பு. ‘ரெயினோல்ட்ஸ் 531’ என்ற ஒட்டுத்தாள் இருந்தால் அது 1935இல் வெளிவந்த மங்கனீசு மொலிப்தன உருக்கு. அதையும் வெட்டாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள்.

என்னென்ன ஆயுதம் வேணும்?

பலமான வைஸ் ஒன்று. ஹக்சோ, நல்ல பிளேட்டோடு. அரைவட்ட அரம் பெரிது ஒன்று, சிறிது ஒன்று. வேர்னியர், பாகைமானி, முழுச் சைக்கிளையும் ஒன்றுக்கு ஒன்றாக வரையக்கூடிய அளவுக்குத் தாள். காஸ் டோர்ச், அதன் சாமான்கள். தட்டையான ஒரு பலகை, என்னிடம் இருப்பது யாரோ குசினிக்கு வெட்டி மிஞ்சிய கிறனைற் துண்டு.

அச்சுக்கூட்டுக்குப் புரி வெட்டும் ரப்பும் தலைக் குழாயைச் சீவும் ரீமரும் விலை கூடியவை. முதல் பிறேமுக்கு அவற்றை வாங்க வேண்டியதில்லை. லேத் பட்டறையில் கொடுத்தால் செய்து தருவார்கள். வாள் வெட்டைவிட அரத்தில்தான் நேரம் போகும். அதனால் மற்றதெல்லாம் மலிவாக இருந்தாலும் அரத்தை நல்லதாக வாங்குங்கள்.

பித்தளையாலை ஒட்டுறதோ, வெள்ளியாலையோ?

இரண்டும் நல்லது. குழாய்கள் லக் என்ற மூட்டுக் கூட்டுக்குள் நுழைகிற பிறேம் என்றால் வெள்ளிப் பற்றாசு அருமை. 56 வீத வெள்ளி உள்ளது 650 பாகையில் தண்ணீராகிவிடும், குழாய்க்குச் சூட்டுப் பாதிப்பு குறைவு. ஆனால் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றளவுதான் இருக்கலாம், அதற்கு மேல் நிரப்பாது. லக் இல்லாமல் குழாயோடு குழாயை ஒட்டி, மூலையில் வளைவாகப் பித்தளையைச் சேர்ப்பது மற்ற முறை. லக் கிடைப்பது கஷ்டம், கோணமும் லக் சொல்கிறபடிதான் வைக்க வேண்டும் என்பதால் நான் பித்தளை.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் தட்டாரிடம் பற்றாசு வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். கே.டி.எம். நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கட்மியம் சேர்ந்த பற்றாசு. நகைக்கு ஒரு சொட்டு உருக்குவது வேறு, அச்சுக்கூட்டைச் சுற்றி ஒரு கம்பி முழுவதையும் உருக்கிக்கொண்டு அதன் மேல் குனிந்து நிற்பது வேறு. அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். கட்மியம் இல்லை என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

அப்ப வெங்காரம்? அது நகைக்கடையிலை வாங்கலாம்தானே?

வாங்கலாம். சூட்டில் உருக்கு அழுக்காகாமல் காக்கத்தான் வெங்காரம், பித்தளைக்கு அது போதும். பொடித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் பவுடரைச் சேர்த்து, தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்துப் பூசுகிறேன். வெள்ளிக்கு இது சரிவராது. வெங்காரம் உருகி வேலை தொடங்குவதே 740 பாகைக்கு மேல்தான். அதற்குள் வெள்ளி உருகி, அழுக்கு உருக்கில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். வெள்ளிக்கென்று புளோரைட் கலந்த பசை தனியாக விற்கிறார்கள். அதன் புகையும் நல்லதல்ல, காற்றோட்டம் வேண்டும்.

ஒட்டி முடிந்த பிறகு வெங்காரம் கண்ணாடியாக இறுகி நிற்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். கலியாண வீட்டுக் கிடாரத்தில் வெந்நீர் வைத்து ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் கரைந்து போகும்.

வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டர் காணுமோ?

சிலிண்டர் காணும், அதன் தலையில் இருக்கிற ரெகுலேற்றர் காணாது. சமையல் ரெகுலேற்றர் அமுக்கத்தை மிகவும் குறைத்துவிடும். உயர் அமுக்க ரெகுலேற்றர் வேண்டும், கூடவே ஒட்சிசன் சிலிண்டர் வேண்டும். காற்றை மட்டும் நம்பினால் அச்சுக்கூடு போதிய அளவு சிவக்காது. அசற்றிலீன் இன்னும் சூடு கூடியது, ஆனால் பிரேசிங்குக்கு சமையல் காஸே எனக்குப் போதுமாக இருக்கிறது. சூடு சற்று விரிந்து பரவுவதால் புதியவருக்கு அது நல்லதும்கூட.

சில விஷயங்களில் விளையாடக் கூடாது. டோர்ச்சுக்குப் போகும் இரண்டு காஸ் குழாயிலும் தீ திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு பூட்டுங்கள். ஒட்சிசன் பூட்டுகளில் எண்ணெய், கிறீஸ் படவே கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் ரெகுலேற்றரைத் திருகாதீர்கள், அமுக்கத்தில் உள்ள ஒட்சிசனோடு எண்ணெய் தானாகவே பற்றும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கிடங்கான இடத்தில் வேலை செய்யாதீர்கள். அசற்றிலீன் எடுப்பவர்கள் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் அமுக்கம் ஏற்றக் கூடாது, சிலிண்டரைப் படுக்க வைக்கவும் கூடாது.

கொட்டிலின் ஒரு பக்கம் திறந்திருப்பது நல்லது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் சுவாலை அலையும். நான் ஒரு தகரத்தை மறைப்பாகக் கட்டுவேன்.

என்ரை உயரத்துக்கு அளவு எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது?

சுவரோடு நின்று, கவட்டுக்குள் ஒரு புத்தகத்தை இறுக்கி, நிலத்திலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளவுங்கள். அதை 0.65 ஆல் பெருக்கினால் சீற் குழாயின் நீளம் ஏறத்தாழ வரும். 80 சென்ரிமீற்றர் என்றால் 52. இது தொடக்கம்தான். உங்களுக்குப் பிடித்த சைக்கிள் ஒன்று இருந்தால் அதை அளப்பது இதைவிட நல்லது.

தலைக் கோணம் 72 பாகை, சீற் கோணம் 73 என்று வைத்தால் பிழைக்காது. அச்சுக்கூடு சில்லின் அச்சை விட 70 மில்லிமீற்றர் கீழே. சில்லின் ஆரை 340 என்றால் அச்சுக்கூடு நிலத்திலிருந்து 270இல் நிற்கும். 170 கிராங் கீழே வரும்போது பெடல் அச்சுக்கு 100 மிஞ்சும். நம் ஒழுங்கைகளின் கல்லுக்கு அது போதும்.

ஹாண்டில் நேராக நிற்பதும் ஆடுவதும் ‘ட்ரெயில்’ என்ற அளவில் இருக்கிறது. ஹாண்டில் அச்சின் கோட்டை நிலம் வரை நீட்டுங்கள். சில்லு நிலத்தைத் தொடும் இடம் அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அதுதான் ட்ரெயில். மேலே சொன்ன சில்லு, 72 பாகை, 45 மில்லிமீற்றர் முன்வளைவுள்ள போர்க் என்றால் 63 வரும். 55க்கும் 65க்கும் இடையில் இருந்தால் கையை விட்டும் ஓடலாம். அதனால் போர்க்கை முதலில் வாங்கி அளந்துவிட்டுத்தான் படம் வரையுங்கள். சில்லையும் அப்படியே. பழைய 28 அங்குல றிம் 635, 700 சி என்பது 622. பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்.

குழாய் முனையை மீன் வாய் மாதிரி வெட்டோணும் எண்டுறியள். அதை எப்பிடி வெட்டுறது?

வேலையே இங்கேதான். ஒரு உருளையின் மேல் இன்னொரு உருளை சாய்ந்து போய் இருக்கும்போது வரும் வளைவைத்தான் வெட்ட வேண்டும். விட்டமும் கோணமும் கொடுத்தால் இந்த வளைவை அச்சடித்துத் தரும் கணினிக் கணக்குகள் இருக்கின்றன. தாளை வெட்டிக் குழாயில் சுற்றி, ஓரத்தைக் கூரிய ஊசியால் கீறுங்கள். கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் வெளியே ஹக்சோவால் வெட்டி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் எடுங்கள்.

ஆனால் தாள் ஒரு முனைக்குத்தான் சொல்லும். கீழ்க் குழாயின் இரண்டு முனை வாயும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று இரண்டு பாகை திரும்பிவிட்டால் தலைக் குழாயும் சீற் குழாயும் ஒரே தளத்தில் நில்லாது. அதற்கு, வெட்ட முன்னரே குழாயை ஒரு கோணத் தகட்டில் வைத்து முழு நீளத்துக்கும் ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். இரண்டு தாளின் நடுக்கோடும் அதில் இருக்க வேண்டும்.

போதுமா என்று பார்க்கும் முறை: வாயைத் தலைக் குழாயில் வைத்து, உள்ளே கைப்பேசியின் வெளிச்சத்தை விட்டுக் கொட்டிலின் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் இல்லை, கசியாத இடத்தில் அராவ வேண்டும். அங்கேதான் உருக்கு முட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தைத் தூக்குகிறது. ஓர் இழுப்பு, வைத்துப் பார். இன்னோர் இழுப்பு, வைத்துப் பார். என் முதல் வாய் ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது, முடிவில் குழாய் நான்கு மில்லிமீற்றர் கட்டையாகிவிட்டது. இப்போது இருபது நிமிடம். இடைவெளியைப் பித்தளை நிரப்பும்தானே என்று அவசரப்படாதீர்கள். நிரப்பும், ஆனால் ஆறும்போது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஜிக் இல்லாமல் நேராய் வருமோ?

வரும். ஜிக் என்பது ஒட்டும்போது குழாய்களை இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம். அது இல்லாவிட்டால், கிறனைற் பலகையில் அச்சுக்கூட்டைப் படுக்க வைத்துப் பூட்டி, மற்றக் குழாய்களைச் சமமான உயரக் கட்டைகளில் ஏற்றி, முழு அளவுப் படத்தோடு ஒத்துப் பார்த்துச் சிறு சிறு பொட்டாக ஒட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்குப் பிறகும் மறுபடி அளவுங்கள்.

பின்பக்கத்துக்கு ஒரு நூல் போதும். ஒரு கவட்டுத் தகட்டில் கட்டி, தலைக் குழாயைச் சுற்றி, மற்றத் தகட்டுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். சீற் குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருந்தால் பின்பகுதி நடுவில் நிற்கிறது. கடைசிச் சோதனையாகச் சில்லைப் பூட்டிப் பாருங்கள், பிறகு கழற்றி மறுபக்கம் திருப்பிப் பூட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் சரி. ஓரிரண்டு மில்லிமீற்றர் பிழையை உருக்குப் பொறுத்துக்கொள்ளும், குளிர்ந்த பிறகு கையால் வளைத்து எடுக்கலாம்.

எதை முதல்லை ஒட்டுறது?

சீற் குழாயை அச்சுக்கூட்டில். பிறகு தலைக் குழாயும் கீழ்க் குழாயும், பிறகு அவற்றை அச்சுக்கூட்டோடு, கடைசியாக மேலே வரும் பார். முன் முக்கோணம் நேராக இருக்கிறதென்று உறுதியான பின்பே பின்கால்கள். அந்த நேரம் சில்லை வைத்து ஒட்டாதீர்கள், ரயர் வெந்துவிடும். 10 மில்லிமீற்றர் புரிக் கம்பியில் இரண்டு நட் போட்டு, வெளி அளவை உங்கள் ஹப்புக்கு ஏற்ப 120 அல்லது 130 ஆக வைத்துக் கவட்டுத் தகடுகளை அதில் பூட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கொண்டு போகேக்கை பித்தளை என்ரை முகத்துக்குத் துப்பிச்சுது. ஏன்?

காற்றுத்துளை போடவில்லை. இரண்டு முனையும் அடைபட்ட குழாய்க்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, கடைசி ஓட்டையால் உருகிய பித்தளையைத் தள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு குழாயும் இன்னொரு குழாய்க்குள்ளோ வெளியிலோ மூச்சு விட ஒரு துளை வேண்டும். தலைக் குழாய்க்குள் திறக்கும் துளை வெளியே தெரியாது. தண்ணீர்ப் போத்தல் பூட்டும் துளைகளும் உதவும். கண்ணாடி போடாமல் ஒட்டியதற்கு வேறு ஏச்சு இருக்கிறது, நேரில் வாருங்கள்.

சூடு கூடிப்போச்சு எண்டு எப்பிடி அறியிறது?

கண்ணால்தான். அதனால்தான் கொட்டில் மங்கலாக இருக்க வேண்டும். நடு வெயிலில் சிவப்புத் தெரியாமல் மேலும் மேலும் சூடு காட்டிவிடுவீர்கள். மங்கலில், வெங்காரம் முதலில் பொங்கும், பிறகு படியும், பிறகு தெளிந்த தண்ணீர் போல் குழாயில் படரும். குழாய் செக்கச்சிவந்து செம்மஞ்சளுக்குத் திரும்பும் நேரத்தில் கம்பியைத் தொடுங்கள். கம்பியைச் சுவாலை உருக்கக் கூடாது, குழாயின் சூடு உருக்க வேண்டும்.

மஞ்சளுக்குப் போனால் பித்தளையிலுள்ள நாகம் ஆவியாகி வெள்ளைப் புகை வரும் (கல்வனைஸ் பைப்பில் சொன்ன அதே புகை), ஒட்டில் ஊசித் துளைகள் விழும். அச்சுக்கூடு தடிப்பு, குழாய் மெலிவு. எனவே சுவாலையை எப்போதும் தடித்த பக்கம் காட்டுங்கள். ஒட்டியதும் தண்ணீரில் தோய்க்காதீர்கள், 4130 சடுதியாகக் குளிர்ந்தால் நொருங்கும் தன்மைக்குப் போகும். தானாக ஆறட்டும், நீங்கள் தேத்தண்ணி குடியுங்கள்.

எல்லாம் முடிஞ்சுது, ஆனால் பெடல் கப் புரியிலை ஏறுதில்லை. லேத்துக்குக் கொண்டுபோகட்டோ?

கொண்டுபோக முதல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆங்கில முறை அச்சுக்கூட்டில் செயின் பக்கம் இடப்புரி, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும். மற்றப் பக்கம் சாதாரண புரி. அச்சுக்கூடு வெளியே பார்க்க இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

என் இரண்டாவது பிறேமில் நான் அதைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். வாய் எல்லாம் வெளிச்சம் கசியாமல் அராவி, நூல் வைத்து அரை மில்லிமீற்றருக்குள் நேராக எடுத்து, ஊறவைத்து, மினுக்கி முடிந்த பிறகு கப்பை எடுத்துத் திருகினால் இரண்டு சுற்றில் கடித்துக்கொண்டு நிற்கிறது. அரை மணித்தியாலம் புரியில் அழுக்கு என்று நினைத்துத் தேங்காய்நார்ப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பிறகுதான் விளங்கியது. நான்கு குழாய் சேர்ந்த மூட்டைக் கழற்ற வழி இல்லை. இப்போது அச்சுக்கூடு கைக்கு வந்தவுடனேயே செயின் பக்கத்தில் மூன்று வெட்டு அரத்தால் போட்டுவிடுகிறேன். பேனாக் குறி சூட்டில் அழிந்துவிடும்.

பக்கம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால், சூட்டில் கூடு சற்று நீள்வட்டமாகியிருக்கும். அப்போது லேத்துக்குப் போங்கள்.

போர்க்கையும் நானே செய்யட்டோ?

முதல் பிறேமுக்குச் செய்ய வேண்டாம். பிறேமில் ஒரு மூட்டு விட்டால் பெரும்பாலும் சைக்கிள் தொய்யும், நீங்கள் இறங்கிவிடலாம். போர்க்கின் கழுத்து விட்டால் முகம்தான் முதலில் ரோட்டில் படும். நான் ஆறாவது பிறேமில்தான் தொட்டேன்.

மீன் பெட்டி கட்டிறதுக்கு ஒண்டு செய்து தாங்கோ எண்டு அண்ணன் கேக்கிறார். அதே குழாயிலை சரிவருமோ?

சரிவராது. பின்னால் அறுபது கிலோ ஏறினால் பிறேம் பாம்பு போல நெளியும். நான் ஒன்று செய்தேன், பாசையூருக்குப் போனது. மேலே குழாய்க் கேள்வியில் சொன்னபடி விட்டத்தைக் கூட்டினேன்: கீழ்க் குழாய் 31.8, தடிப்பு 1.2. பின்கால்களை நீட்டி, பெட்டியின் பாரம் சில்லின் அச்சுக்கு நேர் மேலே வரும்படி வைத்தேன். கரியலை நட் போட்டுப் பூட்டாமல் பிறேமோடு ஒட்டிவிட்டேன். பாரம் பார்க்க வேண்டாம், மீனோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ கூடினது ஒன்றுமே இல்லை.

கறள் பிடியாதோ? எங்கடை உப்புக் காத்திலை?

பிடிக்கும், அதுவும் உள்ளுக்கிருந்து. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப் பக்கம் போய் வருபவர் என்றால் சொல்லவே வேண்டாம். வெளியே வெங்காரம் ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் பெயின்ற் அந்த இடத்தில் கொப்பளிக்கும், அதனால் கிடாரத்தில் ஊறவைப்பதை அவசரப்படுத்தாதீர்கள். கறள் தடுப்புப் பூச்சு, பிறகு பெயின்ற். உள்ளே, பெயின்ற் காய்ந்த பிறகு எண்ணெய் ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி வடியவிடுங்கள். அச்சுக்கூட்டின் அடியில் ஒரு சிறு துளை போட்டால் மழைத் தண்ணீர் தேங்காது. சீற் தண்டுக்குக் கிறீஸ் பூசாமல் விட்டால் இரண்டு மாரிக்குள் கழற்ற முடியாமல் போய்விடும்.

செய்து விக்கலாமோ?

நான் இரண்டு வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை. தொழிற்சாலைப் பிறேம்களை ஐ.எஸ்.ஓ. 4210 என்ற தரநிலைப்படி இயந்திரத்தில் பூட்டி ஆயிரக்கணக்கான தடவை அமுக்கிப் பார்க்கிறார்கள். நம்மிடம் அந்த இயந்திரம் இல்லை, நம் கால்தான் இருக்கிறது. உங்கள் பிறேமை நீங்களே ஒரு வருடம் கிடங்கிலும் மழையிலும் ஓடுங்கள், பிறகு யோசியுங்கள். காசு என்று பார்த்தால், என் முதல் பிறேமுக்கு அறுபது மணித்தியாலத்துக்கு மேல் போனது. அந்த நேரத்துக்கு மேசன் வேலைக்குப் போயிருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

ஓடிக்கொண்டு போகேக்கை உடைஞ்சா?

உருக்கு அனேகமாகச் சொல்லிவிட்டுத்தான் உடையும். முதலில் பெடலை அமுக்கும்போது ஒரு கிறீச். பிறகு பெயின்றில் மயிர் போல ஒரு கோடு, மழைக்குப் பிறகு அந்தக் கோட்டிலிருந்து கறள் வடிந்திருக்கும். மாதம் ஒருமுறை சைக்கிளைக் கழுவும்போது மூன்று இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்: தலைக் குழாய்க்குப் பின்னால் கீழ்க் குழாயின் அடிப்பக்கம், அச்சுக்கூட்டை ஒட்டிய பின்கால்கள், சீற் இறுக்கும் பிளவின் நுனி.

மூன்றாவது இடம் ஏன் என்றால், பிளவை வாளால் வெட்டி அப்படியே விட்டால் அதன் கூரிய நுனியிலிருந்து விரிசல் கிளம்பும். நுனியில் நான்கு மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டிருந்தால் கிளம்பியிராது. என் நான்காவது பிறேமில் போடவில்லை. பதினான்கு மாதத்தில் சீற் தண்டு தானாக இறங்கத் தொடங்கியது, இறுக்க இறுக்க இறங்கியது. கடைசியில் ஒட்டுவரை ஓடிய விரிசலைக் கண்டேன். அந்தப் பிறேம் கொட்டிலின் வளையில் தொங்குகிறது. வந்தால் விரலை வைத்துப் பார்க்கலாம்.